கப்ளிங் போட்ட குழாய்: எங்கள் வீட்டின் 11 ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் வீட்டின் பின்சுவரில், மொட்டை மாடியிலிருந்து கிணற்றடி வரைக்கும் ஒரு நாலு அங்குல பிவிசி குழாய் போகிறது. கிணற்றுக்கு ஏழெட்டு அடி முன்னால், இணைப்பே தேவைப்படாத ஓர் இடத்தில், இரண்டு குழாய்த் துண்டுகளைச் சேர்க்கும் ஒரு கப்ளிங் மாட்டியிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் பார்த்தால் "இங்க எதுக்கும்மா கப்ளிங்?" என்று கேட்பார்கள். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால்தான் இதை எழுதுகிறேன். தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாவோ அப்பாவோ ஏதாவது ஒரு வீட்டு வேலையில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், எங்கள் அனுபவம் அவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

வீட்டு நிலவரம்

நாங்கள் மூன்று பேர். நான் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். வாரத்தில் ஆறு நாள் வேலை. இந்தக் கதை தொடங்கும்போது மகனுக்கு 13 வயது, மகளுக்கு 8. கிழக்குத் தாம்பரம் பக்கம், மாமனார் கட்டிய தனி வீடு. என் கணவர் 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் போய்விட்டார்.

காரியத்தன்று வந்த பெரியவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் மகனின் தோளைத் தட்டி, "இனிமே நீதான்பா வீட்டுக்கு ஆம்பளை. அம்மாவையும் தங்கச்சியையும் நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் ஊரில் அது ஆறுதல் வார்த்தை. கேட்டவனுக்கு வயது 11. அவன் அதை அப்படியே உத்தரவாக எடுத்துக்கொண்டான்.

ராத்திரி இரண்டு முறை எழுந்து வாசல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பான். சிலிண்டர் எப்போது தீரும், கரண்ட் பில் எவ்வளவு என்று கேட்பான். தெருவில் கிரிக்கெட் ஆடப் போவது நின்றுபோனது. பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்டு வந்த கடிதத்தைப் புத்தகப் பையின் அடியில் கசக்கி வைத்திருந்தான். தேதி முடிந்த பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. எல்லாரும் "எவ்வளவு பொறுப்பான பிள்ளை" என்றார்கள். முதல் ஒரு வருடம் நானும் அதில் பெருமைப்பட்டேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

மகள் நிலைமை நேர் எதிர். "சின்னப் பொண்ணு, அவளுக்கு எதுவும் தெரிய வேண்டாம்" என்று எல்லாவற்றிலிருந்தும் தள்ளியே வைத்தோம். வீட்டில் எது நடந்தாலும் அவள் கதவுக்கு அந்தப் பக்கம்தான்.

குடும்ப சிகிச்சைத் துறையில் பெரிய பெயர் சால்வடார் மினுச்சின். பெற்றோர் இடத்தில் போய் நிற்கும் பிள்ளையைப் பற்றி 1970களிலேயே எழுதியவர். பிள்ளைகள் நிறைய உள்ள வீட்டிலும், ஒற்றைப் பெற்றோர் வீட்டிலும் மூத்த பிள்ளை சில பொறுப்புகளை ஏற்பது இயல்புதான் என்கிறார். எந்தப் பொறுப்பு, எதுவரை என்று பெரியவர் வெளிப்படையாகச் சொல்லி ஒப்படைத்திருந்தால் அது நன்றாகவே நடக்குமாம். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி, அந்த வெற்றிடத்தைப் பிள்ளை நிரப்ப ஆரம்பித்தால்தான் சிக்கல். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வாசல் தாழ்ப்பாள் ஞாபகம் வந்தது. அந்த வேலையை நான் அவனுக்குக் கொடுக்கவே இல்லை. கொடுக்காததால், திரும்ப வாங்கிக்கொள்ளவும் தோன்றவில்லை.

ஜூன் மழை

2023 ஜூன் 18 ராத்திரி சென்னையில் பேய் மழை. ஜூனில் அப்படிப் பெய்வது அபூர்வம். மறுநாள் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். மாடித் தண்ணீர் முழுக்கக் குழாய் வழியாகத் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின நாள்தான் 12,000 லிட்டர் லாரித் தண்ணீரை சம்ப்பில் இறக்கியிருந்தோம். மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இது நம்ம மாடித் தண்ணிதான?"

"ஆமா."

"அப்புறம் ஏன் நேத்து காசு குடுத்து வாங்கினோம்?"

தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். மாமனாரும் அப்போது ஒரு குழி எடுத்து, கல் நிரப்பி, மேலே பலகைக் கல் போட்டு மூடியிருந்தார். அதற்குப் பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்தக் கோடையில் என் கணவர் ஒரு கையில் குடமும் இன்னொரு கையில் மகனுமாக லாரிக்குக் காத்து நின்றார். "அடுத்த மழைக்குள்ள அப்பா போட்ட குழியைச் சரி பண்ணிடணும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அதற்காக ஒரு ஹேக்ஸா ரம்பமும் வாங்கி வைத்தார். அது பரணில் இருந்தது.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மாடித் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றில் விட, எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் ஆகும் என்றார். என்னிடம் அதில் பாதிதான் இருந்தது. "இதுல நாங்களே செய்யக்கூடியது என்னண்ணே?" என்று கேட்டேன். சுவரில் ஓட்டை போடுவதும் கிணற்றடி வேலையும் தன்னுடையது, மற்றதெல்லாம் பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம் என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. உண்மையைச் சொன்னால், பிள்ளைகளுக்கு எதையோ கற்றுத்தர வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அப்போது எனக்கு இல்லை. கையில் காசு பற்றவில்லை, மகள் கேட்ட கேள்வி உறுத்தியது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு ஜோடிக் கண்கள்

வேலையைத் தொடங்கும் முன் ஒரு சனிக்கிழமை ராத்திரி மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் மாடி 700 சதுர அடி, அதாவது 65 சதுர மீட்டர். ஆக ஒரு மில்லிமீட்டருக்கு 65 லிட்டர், நான்கு குடம். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. சிந்தியது, ஆவியானது போக 80 சதவீதம் கைக்கு வந்தாலும் 70,000 லிட்டருக்கு மேல். மகன் அதை 12,000ஆல் வகுத்துவிட்டு நிமிர்ந்தான். "ஆறு லாரிம்மா!" அவன் குரலில் அந்தத் துள்ளலைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அடுத்தது பாதுகாப்பு. இதில்தான் ஒற்றைப் பெற்றோர் வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் பெரிய வித்தியாசம். இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒருவர் ஏணியில் இருந்தால் இன்னொருவர் பிள்ளையைப் பார்ப்பார். எங்களிடம் இருப்பது ஒரே ஜோடிக் கண்கள். அதனால் "ஒரு நேரத்தில் ஒரே உயரம்" என்று முடிவு செய்தோம். மாடி வேலை என்றால் மூவரும் மாடியில், கீழே என்றால் மூவரும் கீழே. ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயுமாக இருப்பது கிடையாது. இதனால் வேலை மெதுவாகத்தான் நடந்தது, பரவாயில்லை.

நான் ஏணியில் ஏற வேண்டிய நாட்களில் எதிர்வீட்டு அக்காவை வந்து திண்ணையில் உட்காரச் சொன்னேன். நான் விழுந்தால் பிள்ளைகள் தனியாக நிற்கக் கூடாது, அதற்காகத்தான். 108க்குப் பேசி முகவரி சொல்வது எப்படி என்று மகளுக்கு இரண்டு முறை சொல்ல வைத்துப் பழக்கினேன். தனியாக இருக்கும் பெற்றோர் பலரும் "பிள்ளைக்கு அடிபட்டால்?" என்று யோசிப்போம். "எனக்கு அடிபட்டால்?" என்பதை விட்டுவிடுவோம்.

பிள்ளைகள் தொடவே கூடாதவை சில. கிணற்றுக்குள் யாரும் இறங்கக் கூடாது, நானும்தான். பழைய கிணறு, மூடிக்கிடந்த குழி இவற்றில் பிராணவாயு இல்லாமலோ விஷவாயு தேங்கியோ இருக்கலாம். இறங்கியவரைக் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போன செய்திகளை நாம் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். குழாய் ஒட்டும் பசை, கடையில் "சொல்யூஷன்" என்பார்கள், அதன் நெடி தலையைச் சுற்றும். அது என் வேலை. ஈர சிமெண்ட் தோலைப் பொத்துவிடும். அது மேஸ்திரி வேலை.

நேரம் ஞாயிறு காலை ஆறரை முதல் எட்டரை வரை மட்டும். வெயில் ஏறுவதற்குள், சலிப்புத் தட்டுவதற்குள் நிறுத்திவிடுவோம். அப்புறம் தோசை.

சின்ன முறம்

மகளுக்கு என்ன வேலை கொடுப்பது என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் ஞாயிறு அவளிடம் ஒரு பெயின்ட் பிரஷ்ஷைக் கொடுத்து, சுவரில் தண்ணீரால் "பெயின்ட்" அடிக்கச் சொன்னேன். கால் மணி நேரத்தில் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, "இது சும்மாதான?" என்று கேட்டாள். எட்டு வயதுக் குழந்தைக்கு நிஜ வேலைக்கும் போக்குக்காட்டும் வேலைக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

எங்கள் பாட்டி வீட்டில் பெரிய முறத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முறம் தொங்கும். பாட்டி ஒரு படி அரிசி புடைத்தால் என் முறத்தில் ஒரு கைப்பிடி போடுவார். பாதி சிந்தும். பாட்டி திட்டவும் மாட்டார், விரட்டவும் மாட்டார். அன்று நான் புடைத்த அரிசியும் சோற்றுப் பானைக்குத்தான் போனது. பார்பரா ரோகோஃப் என்ற ஆய்வாளர் குவாத்தமாலா, மெக்சிகோ பூர்வகுடிச் சமூகங்களில் குழந்தைகள் கற்பதைப் பல ஆண்டுகள் கவனித்து எழுதியதும் இதைத்தான். அங்கே குழந்தைகளை வேலையிலிருந்து ஒதுக்குவதில்லை. பக்கத்தில் நின்று பார்த்து, முடிந்ததைச் செய்து, மெல்ல மெல்ல உள்ளே வருகிறார்கள். எனக்கு அதைப் படித்ததும் பாட்டியின் சமையற்கட்டுதான் கண்முன் வந்தது.

அதனால் அடுத்த ஞாயிறு ஜல்லி கழுவும் வேலையை மகளிடம் ஒப்படைத்தேன். வடிகட்டிக்கு 200 லிட்டர் நீல டிரம் வாங்கியிருந்தோம். அதில் அடியில் பெரிய ஜல்லி, அதற்கு மேல் சின்ன ஜல்லி, நைலான் வலை, மேலே மணல். ஜல்லியில் கிரஷர் தூள் ஒட்டியிருக்கும். அதைக் கழுவாமல் போட்டால் பால் மாதிரி தண்ணீர் கிணற்றுக்குள் போகும். ஒரு சின்ன வாளியில் ஜல்லியைப் போட்டு, கையால் அலசி, தண்ணீரைக் கொட்ட வேண்டும். "அடியில இருக்கற கல்லு தெளிவா தெரியற வரைக்கும்" என்று மட்டும் சொன்னேன். மூன்றாவது அலசலில் நானாக இருந்தால் போதும் என்று விட்டிருப்பேன். அவள் ஏழாவது முறை அலசிவிட்டு, வாளிக்குள் முகத்தை விட்டுப் பார்த்து, "இன்னும் ஒரு தடவை" என்றாள். அழுக்குத் தண்ணீரெல்லாம் செம்பருத்திச் செடிக்குப் போனது. நான்கு ஞாயிறுகள் அதே வேலை. அந்த டிரம்மில் அவள் கை படாத ஒரு கல்கூட இல்லை.

மாமனார் எடுத்த குழியை மகன் கண்டுபிடித்தான். துளசி மாடத்துக்குப் பின்னால் கடப்பாரையின் மழுங்கிய முனையால் தட்டிக்கொண்டே போனவன், ஓர் இடத்தில் சத்தம் மாறியதும் நின்றான். பலகைக் கல்லை மேஸ்திரியும் அவரோடு வந்த ஆளும் நெம்பித் தூக்கினார்கள். உள்ளே கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே செம்பருத்தி வேர் பின்னிக் கிடந்தது. சுத்தம் செய்து, டிரம் நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் இந்தக் குழிக்குப் போகட்டும் என்று மேஸ்திரி யோசனை சொன்னார்.

குழாய்க்கு வாட்டம் பார்த்த நாள் எங்கள் எல்லாருக்குமே பிடித்த நாள். பத்தடிக்கு ஒரு அங்குலம் சரிவு வேண்டும். மேஸ்திரி தன்னுடைய டியூப் லெவலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கண்ணாடி போலத் தெளிந்த ஒரு நீளப் பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். ஒரு முனையை மகளும், முப்பதடி தள்ளி இன்னொரு முனையை மகனும் சுவரில் வைத்துப் பிடித்தார்கள். இடையில் வீட்டு மூலை மறைத்தது, ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. "நீ கொஞ்சம் மேல தூக்கு" என்று அண்ணன் கத்துவான், இவள் தூக்குவாள், இரண்டு பக்கமும் தண்ணீர் ஆடும். ஆட்டம் அடங்கியதும் சாக்பீஸால் ஆளுக்கொரு கோடு. பிறகு மகள் ஓடிவந்து அவன் கோட்டைப் பார்த்தாள், திரும்பி ஓடித் தன் கோட்டைப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே உயரமா? எப்படித் தெரியும்? தண்ணிக்கு எப்படித் தெரியும்?" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு வேலை ஒன்றில் அண்ணனுக்குச் சமமாக நின்றது அன்றுதான். அவள் பிடிக்காவிட்டால் அவனால் கோடு போட முடியாது.

நடுவில் வந்த காசு

இதற்கிடையில் என் தம்பி வந்திருந்தான். மருமக்கள் வெயிலில் கல் கழுவுவதைப் பார்த்து மனம் கேட்காமல், வாளிக்கு ஐந்து ரூபாய் என்று கொடுத்துவிட்டுப் போனான். பாசத்தில் செய்ததுதான். அடுத்த ஞாயிறு மகள் வாளியைத் தொடும் முன், "இன்னிக்கு மாமா வரலையா?" என்று கேட்டாள். இரண்டு வாளியோடு நிறுத்திக்கொண்டாள். அதுவும் நான்கே அலசல்.

வார்னகன், டொமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 20 மாதக் குழந்தைகள் பெரியவருக்கு உதவும்போது சிலருக்குப் பொருள் பரிசு கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு பார்த்தால், பரிசு வாங்கிய குழந்தைகள் உதவுவது மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. என் மகள் 20 மாதக் குழந்தை இல்லை. ஆனாலும் வாளிக்குப் பக்கத்தில் நான் பார்த்தது ஏறக்குறைய அதுதான். தம்பியிடம் பேசினேன், அவனும் புரிந்துகொண்டான். மகளுக்குக் காசை நிறுத்தியதற்குச் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. பதிலாக, மழைக் கணக்கு நோட்டை அவள் பொறுப்பில் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய ஏழு அலசலுக்குத் திரும்பினாள்.

ரம்பத்தைக் கீழே வைத்த நாள்

இனி அந்தக் கப்ளிங்.

ஆகஸ்டில் குழாய் வெட்டும் கட்டம் வந்தது. அப்பா வாங்கி வைத்த ரம்பத்தைப் பரணிலிருந்து மகனே இறக்கினான். பிளேடு துருப்பிடித்திருந்தது, புது பிளேடு மாட்டினான். குழாயைச் சுற்றி ஒரு காகிதத்தைச் சுற்றி, அதன் ஓரம் பிடித்துப் பென்சிலால் கோடு போட்டு, அதன் மேலேயே அறுத்தான். வெட்டு வாயை உப்புத்தாளால் தேய்த்தான். மூன்று துண்டுகள் அச்சு மாதிரி வந்தன. நான்காவது துண்டு, கிணற்றடிக்கு வரும் நீளத் துண்டு, பொருத்திப் பார்த்தால் நாலு அங்குலம் குறைந்தது. இரண்டு எல்போவுக்கும் (குழாய் திரும்பும் இடத்தில் மாட்டும் வளைவுத் துண்டு) நடுவில் வெளியே தெரியும் தூரத்தை மட்டும் அளந்திருக்கிறான். ஒவ்வொரு எல்போவுக்குள்ளும் இரண்டு அங்குலம் குழாய் போக வேண்டும், அதைச் சேர்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கும் அது தெரியாது.

அந்த வாரம் அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் வாரம். தூக்கம் இல்லை. கையில் இருந்தது கடைசிக் குழாய். என் வாயில் வந்தது இதுதான்: "உங்கப்பா இருந்திருந்தா ஒரே தடவைல வெட்டியிருப்பாரு."

அவன் ஒன்றும் பேசவில்லை. ரம்பத்தைச் சுவரோரமாக, பிளேடு உள்பக்கம் இருக்கும்படி, பத்திரமாகச் சாய்த்து வைத்தான். மாடிக்குப் போய்விட்டான். அடுத்த இரண்டு ஞாயிறும் எழுந்து வரவில்லை.

முதலில் எனக்குக் கோபம்தான். அப்புறம் பயம். மூன்றாவது நாள் ராத்திரி வாசலில் தாழ்ப்பாள் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், அவன் இருட்டில் நின்றுகொண்டிருந்தான். என்னோடு பேசாத பிள்ளை, தாழ்ப்பாளை மட்டும் பார்க்க வந்திருக்கிறான். நான் சொன்னது எங்கே போய் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அப்பா இடத்தில் நிற்கச் சொல்லி ஊரே அவனிடம் சொல்லிவிட்டது. அவனும் இரண்டு வருடமாக நிற்கப் பார்க்கிறான். "நீ தேறவில்லை" என்று பெற்ற தாயே சொல்லியிருக்கிறாள்.

வாசற்படியில் இருவரும் உட்கார்ந்தோம். நான் பேசியது இவ்வளவுதான்: "நான் சொன்னது தப்பு. அப்பாவும் குழாய் வெட்டினது இல்ல, எனக்கும் அளவு தெரியாது. இந்தக் குழாய் வேலை என் பொறுப்பு. நீ வந்தா எனக்குச் சந்தோஷம். வரலைன்னாலும் நான் முடிச்சிடுவேன். தாழ்ப்பாளும் இனிமே என் வேலை. நான் போட்டுட்டுச் சொல்றேன், நீ தூங்கு."

அவன் "சரி" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தினமும் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, "போட்டாச்சு" என்று அவன் அறைக்குக் கேட்கும்படி சொல்கிறேன்.

சொன்னால் மட்டும் போதாது என்று தோன்றியது. அடுத்த ஞாயிறு அவன் இல்லாமலேயே நானும் மகளும் வேலையைத் தொடர்ந்தோம். அவன் வராததால் எதுவும் இடிந்துவிடாது என்பதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும். வெட்டுப்பட்ட குழாயைக் கையோடு எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடை அண்ணாச்சியிடம் போனேன், புதுசு வாங்கத்தான். அவர் குழாயைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கு முழுக் குழாய்? ஒரு கப்ளிங்கும் துண்டுக் குழாயும் வச்சா தீந்துச்சு" என்றார். விலையைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேச்சும் இந்தக் காசுக்குத்தானா.

கப்ளிங்கைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, அண்ணாச்சி சொன்னதை அப்படியே சொன்னேன். மகன் அதைக் கையில் எடுத்து உள்பக்கம் விரலை விட்டுப் பார்த்தான். நடுவில் ஒரு மேடு இருக்கும், குழாய் அதைத் தாண்டிப் போகாமல் தடுக்க. "இதுக்குள்ளயும் ரெண்டு இஞ்ச் போகும்ல?" என்று கேட்டான். அடுத்த ஞாயிறு ஆறே காலுக்கே ரம்பத்தோடு நின்றான்.

மழை வந்தது

செப்டம்பர் 24 அன்று முடித்தோம். ஜூலை 2இல் ஆரம்பித்தது. நடுவில் எனக்குக் காய்ச்சல் ஒரு ஞாயிறு, உறவில் கல்யாணம் ஒரு ஞாயிறு. மீதி 11. செலவு 9,400 ரூபாய், மேஸ்திரி கூலியும் சேர்த்து. டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும் என்பதால் டிரம் வாயில் இறுக்கமாக வலை கட்டினோம். சீசனின் முதல் மழையில் மாடித் தூசி, காக்கை எச்சம் எல்லாம் அடித்துக்கொண்டு வரும். அதைக் கிணற்றில் விடாமல் வெளியே திருப்ப, குழாயில் 'T' வடிவ இணைப்பு ஒன்று போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

அக்டோபரில் ஒரு சாயங்காலம் முதல் நல்ல மழை. மூவரும் நனைந்துகொண்டே கிணற்றடியில் நின்றோம். குழாய்க்குள் முதலில் ஒரு உறுமல், அப்புறம் டிரம்மில் தண்ணீர் விழும் சத்தம். மகன் கப்ளிங்கின் அடியில் கையை வைத்தபடி நின்றான். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

மகள் ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, கல்லைக் கட்டி, வாரம் ஒருமுறை கிணற்றில் விட்டு ஈரமான முடிச்சுகளை எண்ணி நோட்டில் எழுதுவாள். இரும்புக் கம்பி மூடியின் இடுக்கு வழியாகத்தான், நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது டிரம்மால் அத்தனை தண்ணீரையும் வாங்க முடியவில்லை. வழிந்து மாமனாரின் குழிக்குப் போனது. கரண்ட் இல்லாத அந்த இரண்டு நாளும் கிணற்றுத் தண்ணீரைக் கயிறு போட்டு இறைத்து, துவைக்கவும் கழுவவும் வைத்துக்கொண்டோம். 2024 மே மாதம் கயிற்றில் ஐந்து முடிச்சு ஈரமாக வந்தது. முந்தின வருடம் அதே மாதம் கிணற்றில் வறண்ட மண்தான் தெரிந்தது. புயல் அடித்த வருடம் என்பதால் இதில் எங்கள் குழாயின் பங்கு எவ்வளவு, மழையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அந்தக் கோடையில் லாரியைக் கூப்பிட்டது இரண்டே முறை.

மகன் மாறிவிட்டான் என்று எழுதினால் அது பொய். சிலிண்டர் எப்போது தீரும் என்று இன்னமும் கேட்கிறான். ராத்திரி எழுந்து வருவது மட்டும் நின்றுவிட்டது. பள்ளிக் கடிதங்கள் இப்போது மேசைமேல் வருகின்றன. மறுபடி முதலிலிருந்து செய்வதானால், கணக்கு முடிக்கும் வாரத்தில் வேலையே வைத்துக்கொள்ள மாட்டேன். "இது என் பொறுப்பு, நீ வந்தால் சந்தோஷம்" என்பதை முதல் சனிக்கிழமை ராத்திரியே சொல்லியிருப்பேன். அக்கம்பக்கத்தில் சிலர் "பாவம், பிள்ளைங்கள வேலை வாங்குறா" என்றார்கள். அது எனக்கு அவ்வளவாக உறுத்தவில்லை. வேலை அவர்களுக்குப் பாரமாக இருக்கவில்லை. யாரோ ஒருவருடைய இடத்தில் நிற்க வேண்டியிருந்ததுதான் மகனுக்குப் பாரமாக இருந்தது.

2024 செப்டம்பரில், மழைக்கு முன்னால் டிரம்மைக் காலி செய்து கழுவ ஒரு ஞாயிறு குறித்தோம். மணலை அள்ளுவது மகன் முறை. ஆறரைக்கு நான் சல்லடையோடு பின்பக்கம் வந்தபோது, அவன் செருப்பு மாட்டிக்கொண்டு, கையில் பேட்டோடு வாசலில் நின்றான். தெருமுனையில் பையன்கள் அவன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, மேட்ச் இருக்கு. நீயும் பாப்பாவும் பண்ணிடுவீங்கல்ல?"

"பண்ணிடுவோம், போ."

அவன் கேட்டைச் சாத்தக்கூட இல்லாமல் ஓடினான். உள்ளே மகள் முதல் வாளி ஜல்லியை அலசிக் கொட்டினாள். "ஒண்ணு" என்று சத்தமாக எண்ணினாள்.